14 மாத மூளை மந்தம்: ஐந்து மருத்துவர்கள், ஐந்து பாதிப் பதில்கள் — ஒரு நிகழ்வு ஆய்வு

‘பிரெய்ன் ஃபாக்’ என்று பரவலாகச் சொல்லப்படும் மூளை மந்தம் ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. காய்ச்சலோடு வருபவரிடம் காரணத்தைத் தேடாமல் யாரும் விடுவதில்லை. “நினைவு நிற்கவில்லை, சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது” என்று வருபவரிடமோ, கண்ணில் படும் முதல் காரணத்தோடு தேடல் முடிந்துவிடுகிறது. அப்படி முடிவதால் என்ன நேர்கிறது என்பதைக் காட்டுவதற்காக இந்த நிகழ்வு எழுதப்படுகிறது.

இதில் வருபவர் ஒரு தனி நபர் அல்லர். மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் பல நிலைமைகளைச் சேர்த்து, கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு இது. அவருக்குரிய ஆய்வக எண்களும் அந்த நோக்கத்தில் அமைக்கப்பட்டவை. அளவுகோல்கள், வரம்புகள், மருந்தளவுகள், மேற்கோள் காட்டப்படும் ஆய்வு முடிவுகள் ஆகியவை நடைமுறையில் உள்ளவை.

வந்த நிலை

43 வயதுப் பெண், பட்டதாரி, ஒரு நிறுவனத்தில் கணக்காளர். 7 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும். 14 மாதங்களுக்கு முன் கோவிட் தொற்று வந்தது. வீட்டிலேயே இருந்து பத்து நாளில் தேறினார், ஆக்ஸிஜன் தேவைப்படவில்லை. சில வாரங்களில் வேலைக்குத் திரும்பியபோதுதான் சிக்கல் தெரிந்தது.

அவர் சொன்ன விவரம் துல்லியமானது. கையிலுள்ள ரசீதில் ஆறு இலக்க எண்ணைப் படித்துவிட்டுக் கணினித் திரைக்குத் திரும்புவதற்குள் கடைசி மூன்று இலக்கங்கள் போய்விடுகின்றன. மறுபடி பார்க்கிறார், மறுபடி போகிறது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் எந்த ரசீதில் இருந்தோம் என்பதே தெரிவதில்லை. முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த வேலைக்கு இப்போது மூன்று மணி நேரம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரண்டு நாட்களுக்குப் பிறகு, மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழ முடிவதில்லை.

இடைப்பட்ட மாதங்களில் ஐந்து மருத்துவர்களைப் பார்த்துவிட்டார். 2-ஆம் மாதம்: “தொற்றுக்குப் பிந்தைய பலவீனம்”, சத்து மாத்திரை. 4-ஆம் மாதம்: தலைவலிக்கும் கழுத்துவலிக்கும் இரவில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். 7-ஆம் மாதம்: நரம்பியல் நிபுணரிடம் எம்ஆர்ஐ, அறிவாற்றலை அளக்கும் மோக்கா சோதனை, இரண்டும் “இயல்பு”. 9-ஆம் மாதம்: மனநலப் பிரிவில் பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் மதிப்பெண் 11, “மிதமான மனச்சோர்வு”. 11-ஆம் மாதம்: மகளிர் நோய்ப் பிரிவில் மாதவிடாய் நிற்கும் முன்பருவம் என்ற விளக்கம், உதிரப்போக்கு அதிகம் என்று குறிப்பில் இருந்தது, ஆனால் ஹீமோகுளோபின் 12.1 என்பதால் இரும்புச்சத்து பார்க்கப்படவில்லை.

இவர்களில் யாரும் தவறானவற்றைச் சொல்லிவிடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒவ்வொருவரும் தம் துறைக்குள் பார்த்தார்கள், ஒன்றைக் கண்டார்கள், அனுப்பிவிட்டார்கள். ஐந்து சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

“இயல்பு” என்று வந்த சோதனைகளை மீண்டும் படித்தல்

14-ஆம் மாத மதிப்பீட்டில் முதலில் செய்தது புதுச் சோதனை அல்ல. பழைய தாள்களை வரிவரியாகப் படித்தது.

மோக்கா 30 மதிப்பெண் சோதனை. 26-ம் அதற்கு மேலும் இயல்பு. அவர் பெற்றது சரியாக 26. எந்தக் கேள்விகளில் நான்கு மதிப்பெண் போயின என்று பார்த்தால் கதை மாறுகிறது. ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் கழித்துக் கேட்கும் பகுதியில் இரண்டைத்தான் சொன்னார். மூன்று மதிப்பெண் இழப்பு. ஏழு ஏழாகக் கழிக்கும் பகுதியில் ஒன்று போனது. விட்டுப்போன மூன்று சொற்களுக்கும் “இது எந்த வகைப் பொருள்” என்ற துப்பு கொடுத்ததும் சட்டென்று வந்துவிட்டன. துப்பில் கிடைக்கும் விடைக்கு மதிப்பெண் கிடையாது; ஆனால் தகவல் கிடைக்கிறது. சொற்கள் மூளையில் பதிந்திருக்கின்றன, எடுப்பதில்தான் தடை. அல்சைமர் நோயில் பதிவே நடப்பதில்லை என்பதால் துப்பு கொடுத்தாலும் பெரும்பாலும் வராது. கவனம், வேகம் ஆகியவை குறையும்போது துப்பு உதவும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் கோப்பில் எழுதிவைத்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

மோக்கா வடிவமைக்கப்பட்டது லேசான அறிவாற்றல் குறைபாட்டை, குறிப்பாக முதியவர்களிடம், சலித்தெடுக்கத்தான். 43 வயதுக் கணக்காளரின் வேகக் குறைவை அது பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. எனவே குறியீடு–எண் பொருத்தும் சோதனை செய்யப்பட்டது: ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், 90 விநாடியில் எத்தனை சரியாகப் பொருத்துகிறார் என்ற கணக்கு. அவர் பொருத்தியது 39. அதே வயதும் கல்வியும் உள்ளவர்களின் சராசரியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நியமவிலக்கம் கீழே. 14 மாதமாக அவர் சொல்லிவந்ததற்கு முதன்முதலாகத் தாளில் ஒரு சான்று. இந்தச் சோதனைக்கு அச்சிட்ட தாள், நிறுத்துகடிகாரம், பழகிய ஒருவர் போதும். மறுமுறை செய்யும்போது மாற்றுத் தாளைப் பயன்படுத்த வேண்டும்; இல்லையென்றால் பழக்கத்தால் கூடும் மதிப்பெண்ணை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள நேரும்.

பிஎச்க்யூ-9-லும் இதே கதைதான். 11 மதிப்பெண்ணில் தூக்கம் 3, களைப்பு 3, கவனக்குறைவு 3. மனம் சோர்வது 1, ஆர்வம் குறைவது 1. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு 0. பதினொன்றில் ஒன்பது, உடல் நோய் எதுவாக இருந்தாலும் வரக்கூடிய மதிப்பெண். முதல் இரண்டு கேள்விகளின் கூட்டு 3-ஐ எட்டினால்தான் மனச்சோர்வை வலுவாகச் சந்தேகிப்பது வழக்கம், இவருக்கு 2. மனச்சோர்வும் மூளை மந்தத்தைத் தரும், அதை ஒதுக்கக் கூடாது. ஆனால் மூளை மந்தமே மனச்சோர்வுத் தாளில் மதிப்பெண்ணாக ஏறி, அந்த மதிப்பெண்ணே மூளை மந்தத்துக்கு விளக்கமாகத் திரும்பி வரும் சுற்று பல கோப்புகளில் நடக்கிறது. தாளைக் கேள்வி கேள்வியாகப் படித்தால் அந்தச் சுற்று அங்கேயே உடையும்.

இரத்தம்: ஒன்றை ஒன்று மறைத்த இரண்டு குறைகள்

பழைய இரத்த அறிக்கையில் ஹீமோகுளோபின் 12.1, பெண்களுக்கான கீழ்வரம்பு 12. சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்சிவி 88. இயல்பு 80 முதல் 100 வரை. இவ்விரண்டும் சரி என்பதால் பி12 பார்க்கத் தோன்றவில்லை. அதே தாளில் நான்கு வரி கீழே ஆர்டிடபிள்யூ 16.8 என்று இருந்தது. மேல்வரம்பு ஏறக்குறைய 14.5. சிவப்பணுக்கள் ஒரே அளவில் இல்லை, சிறியதும் பெரியதும் கலந்திருக்கின்றன என்பதே இதன் பொருள்.

பி12 குறைந்தால் அணுக்கள் பருக்கும். இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் ஒருவருக்கே குறைந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும், பார்ப்பவருக்கு இயல்பாகத் தெரியும். அளவுகளின் சிதறலைக் காட்டும் ஆர்டிடபிள்யூ மட்டும் உயர்ந்து நின்று காட்டிக்கொடுக்கும். சந்தேகத்தின் பேரில் பார்த்ததில் பி12 மில்லிலிட்டருக்கு 168 பிக்கோகிராம், இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11 நானோகிராம். பி12 200-க்குக் கீழ் என்றால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் இடையே என்றால், பி12 குறையும்போது இரத்தத்தில் உயரும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் போனால் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி-யும் கூடவே பார்க்கப்பட்டது, அது இயல்பு.

இரத்தசோகை இல்லாமலேயே பி12 குறைபாடு நரம்பையும் மூளையையும் தாக்கும் என்பது புதுச் செய்தி அல்ல. 1988-இல் வெளியான லிண்டன்பாம் குழுவின் ஆய்வில், பி12 குறைவால் நரம்பு–மனநலப் பாதிப்பு கண்ட 141 பேரில் 40 பேருக்கு, அதாவது 28 சதவீதம் பேருக்கு, இரத்தசோகையோ சிவப்பணுக்கள் பருத்திருப்பதோ இல்லை. இவ்வளவு காலம் கழிந்தும் “ஹீமோகுளோபின் சரி, ஆகவே பி12 வேண்டாம்” என்ற வழக்கம் போகவில்லை.

மெட்ஃபார்மின் சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அளவும் ஆண்டுகளும் கூடக் கூட ஆபத்தும் கூடும். நாளுக்கு 2000 மில்லிகிராம், 7 ஆண்டு: கேட்காமலேயே பார்த்திருக்க வேண்டிய சோதனை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரல் கணுவில் வைத்தபோது அதிர்வை அவர் பாதி நேரம்தான் உணர்ந்தார். நீரிழிவாலும் இது வரலாம். பி12-ஆலா நீரிழிவாலா என்று பிரித்தறியக் காத்திருப்பதைவிட, நரம்புப் பாதிப்பு உள்ள பி12 குறைபாடு என்றே எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்குவது பாதுகாப்பு. காத்திருக்கும் மாதங்களில் போகும் நரம்பு திரும்பாமல் போகலாம்.

தைராய்டு பற்றி ஒரு குறிப்பு. முடி, நகத்துக்காக விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். பல ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்-ஐப் பொய்யாகக் குறைத்தும் தைராக்சினைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். எனவே இரத்தம் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். இவருக்கு டிஎஸ்எச் 2.6, பிரச்சினை இல்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.4, இரும்புக் குறைபாடு இந்த எண்ணைச் சற்றே கூட்டிக் காட்டும் என்பதால், இரும்பு நிறைந்த பிறகு மறுபடி பார்க்காமல் நீரிழிவு மருந்தைக் கூட்ட வேண்டாம் என்று முடிவானது.

பையைக் கவிழ்த்துப் பார்த்தல்

“என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டபோது இரண்டைச் சொன்னார்: மெட்ஃபார்மின், அமிட்ரிப்டிலின். “சீட்டு இல்லாமல் வாங்குவது, தூக்கத்துக்கு, சளிக்கு, அரிப்புக்கு, வலிக்கு எடுப்பது எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவாருங்கள்” என்று சொன்ன பிறகு மூன்றாவது வந்தது. மூக்கரிப்புக்காகப் பல ஆண்டுகளாக இரவில் குளோர்பெனிரமைன் 4 மில்லிகிராம். அவர் அதை மருந்தாகவே கருதவில்லை.

அமிட்ரிப்டிலின், குளோர்பெனிரமைன் இரண்டும் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியைத் தடுப்பவை. கவனத்துக்கும் நினைவுப் பதிவுக்கும் மூளை நம்பியிருப்பது அதைத்தான். இந்த எதிர்விளைவைக் கூட்டிப் பார்க்கும் அளவுகோலில் ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 3 புள்ளி. மொத்தம் 3 ஆனாலே கவலைக்குரியது. இவ்விரண்டுக்கும் தலா 3, ஆக 6. ஒன்று தலைவலிக்காக 4-ஆம் மாதம் சேர்ந்தது. மந்தம் கூடியது ஐந்தாம் மாதத்திலிருந்து என்று அவருடைய கைபேசிக் குறிப்புகளே காட்டின. கோவிட்டின் பின்விளைவு வளர்கிறது என்று அப்போது எல்லோரும் எண்ணினார்கள்.

நடுத்தர வயதில் மூளை மந்தத்தோடு வருபவரிடம் மிக மலிவான, மிக விரைவான சோதனை இந்த மருந்துப் பைதான். சிறுநீர்ப்பை மருந்துகள், பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள், தூக்க மாத்திரைகள், சில வலி மருந்துகள், வலிப்பு மருந்துகளில் சில என்று பட்டியல் நீளம். முதலில் இதைச் செய்யாமல் ஸ்கேனுக்கு எழுதுவது வரிசை தப்பிய மருத்துவம்.

நின்று பார்க்கும் சோதனை தந்த பொய் விடை

நிற்கும்போது தலை கனக்கிறது, படபடக்கிறது என்றார். பத்து நிமிடம் படுக்கவைத்து, பிறகு சுவரோரம் பத்து நிமிடம் நிற்கவைத்து, நிமிடத்துக்கொரு முறை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எடுக்கப்பட்டன. படுத்திருக்கையில் துடிப்பு 84, நின்ற எட்டாம் நிமிடம் 116, அழுத்தம் குறையவில்லை. வயதுவந்தவர்களிடம் அழுத்தம் சரியாமல் துடிப்பு 30-ஓ அதற்கு மேலோ கூடி நிலைத்தால் பாட்ஸ் என்ற தன்னியக்க நரம்புக் கோளாறாகக் கருதலாம். இங்கே கூடியது 32.

பெயர் சூட்டிவிட எளிதான தருணம் இது. ஆனால் அமிட்ரிப்டிலினே துடிப்பைக் கூட்டும். இரும்புக் குறைபாடும் கூட்டும். இப்படிப்பட்ட காரணங்கள் இல்லாத நிலையில்தான் அந்தப் பெயர் செல்லும். எனவே “மருந்து நின்றபின் மறுபடி செய்க” என்று மட்டும் எழுதப்பட்டது. ஏழாம் வாரம் செய்தபோது 76-லிருந்து 97, கூடியது 21. தன்னியக்க நரம்புக் கோளாறு என்ற ஆறாவது சீட்டு இப்படித் தவிர்க்கப்பட்டது. இரண்டில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, இரண்டும் ஒரே காலத்தில் சரிசெய்யப்பட்டன.

தூக்கம்

துணைவரைத் தனியே கேட்டபோது குறட்டை, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது இரண்டும் தெரியவந்தன. உடல் நிறைக் குறியீடு 31. வீட்டிலேயே அணியும் கருவியால் ஓர் இரவு பதிவு செய்ததில் மணிக்கு 24 முறை மூச்சு தடைப்பட்டது. 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை மிதமானது, 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. ஆக்ஸிஜன் 81 சதவீதம் வரை இறங்கியது. வீட்டுக் கருவி உண்மையில் தூங்கிய நேரத்தை அளப்பதில்லை. பதிவான நேரம் முழுவதாலும் வகுக்கிறது. விழித்துக் கிடந்த நேரமும் வகுத்தியில் சேர்வதால், மெய்யான எண் இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. இதே காரணத்தால் அறிகுறி பலமாக இருந்து வீட்டுச் சோதனை இயல்பு என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாமல் ஆய்வகத்தில் முழுச் சோதனை செய்ய வேண்டும்.

குறைத் தூக்கத்துக்கு உடல் பழகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. 2003-இல் வெளியான வான் டொங்கன் குழுவின் ஆய்வில் 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரமே படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனக்குறைவு, தூங்காமல் விழித்திருந்தவர்களின் அளவுக்குப் போனது. அவர்களுக்கோ தூக்கம் வருவதாக அந்த அளவுக்குத் தோன்றவே இல்லை. “நன்றாகத்தான் தூங்குகிறேன்” என்ற பதிலை ஏன் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

சிகிச்சை வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒவ்வொன்றாகக் காத்திருந்தால் நரம்பு காத்திருக்காது. எனவே அவசரத்தைப் பொறுத்து வரிசை அமைந்தது.

முதல் நாள் பி12: ஹைட்ராக்சோகோபாலமின் 1000 மைக்ரோகிராம் தசை ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், முன்னேற்றம் தொடரும் வரை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சோதனைக்கான இரத்தம் எடுத்த பின்பே முதல் ஊசி. முன்பே போட்டுவிட்டால் அளவு உயர்ந்து குழப்பும். ஃபோலிக் அமிலத்தைப் பி12-க்கு முன் தனியாகத் தரக் கூடாது: இரத்தம் சரியாகி, நரம்புப் பாதிப்பு மறைவில் வளரும். மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை. ஊசி தொடங்கியபின் பி12 அளவை மறுபடி பார்ப்பதும் வீண், அது எப்போதும் உயர்ந்தே இருக்கும்.

இரும்பு: தனிம இரும்பு 60 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை வெறும் வயிற்றில். தினமும் கொடுத்தால், இரும்பு உறிஞ்சப்படுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் உயர்ந்து அடுத்த வேளை உறிஞ்சுதல் குறைகிறது. ஒரு நாள் இடைவெளியில் மாத்திரைக்கு மாத்திரை கூடுதலாக உள்ளே போகிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. உதிரப்போக்குக்கான சிகிச்சையை மகளிர் நோய்ப் பிரிவு தனியே தொடங்கியது; ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பிப் பயனில்லை.

இரண்டாம் வாரம் மருந்துக் குறைப்பு: அமிட்ரிப்டிலின் 25-லிருந்து 10, இரண்டு வாரம் கழித்து நிறுத்தம். ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும், தலைவலி திரும்பும். அதைப் பார்த்து “மருந்து இல்லாமல் முடியாது” என்று மறுபடி தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. குளோர்பெனிரமைனுக்குப் பதில் ஃபெக்ஸோஃபெனடின். தலைவலி குறிப்பேட்டில் பதிவானது. தூக்க மூச்சுத்தடைக்கான சிகிச்சை தொடங்கியபின் காலைத் தலைவலி தானாகவே குறைந்தது.

ஐந்தாம் வாரம், தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபடாமல் முகக்கவசம் வழியே காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி. முதல் மூன்று வாரம் சராசரிப் பயன்பாடு இரவுக்கு இரண்டரை மணி நேரம்தான். காரணம் மனவுறுதிக் குறைவு அல்ல: முகக்கவசம் ஓர் அளவு பெரிது, மூக்குப் பாலத்தருகே காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தது. கவசத்தை மாற்றி, ஈரப்பதமூட்டியைக் கூட்டிய பிறகு ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது. கருவியின் பதிவில் கசிவு அளவு தெரியும். முதல் வாரமே அதைப் பார்க்காமல் “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

உழைப்புக்குப் பின் சரிவு: மாதக் கடைசிக்குப் பின் மூன்றாம் நாள் விழுவது கேட்டு அறியப்பட்ட முக்கியச் செய்தி. உடலையோ மூளையையோ அதிகம் உழைக்கவைத்த 12 முதல் 48 மணி நேரத்துக்குப் பின் எல்லா அறிகுறிகளும் மோசமாவது, தொற்றுக்குப் பிந்தைய நிலைகளின் அடையாளம். இப்படிப்பட்டவரிடம் “தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடங்கள், ஓடுங்கள்” என்று சொல்வது தீங்கு. நாட்பட்ட களைப்பு நோய்க்கான 2021-ஆம் ஆண்டு பிரிட்டன் நைஸ் வழிகாட்டி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகத் தரக் கூடாது என்றது. இவருக்குத் தந்தது பங்கீடு: கவனம் தேவைப்படும் வேலை ஒரு தடவைக்கு 25 நிமிடம், பிறகு கண்மூடிப் பத்து நிமிடம், மாதக் கடைசி வேலை இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளாகப் பரத்தல், எண்களை மனதில் சுமக்காமல் ரசீதைத் திரைக்குப் பக்கத்தில் தாங்கியில் வைத்தல், வாய்மொழி உத்தரவுகள் எல்லாம் எழுத்தில். கடைசி இரண்டுக்கும் மேலாளரின் சம்மதம் தவிர வேறு செலவில்லை.

பலன்

குறியீடு–எண் சோதனையில் 39 என்பது நான்காம் வாரம் 44, பன்னிரண்டாம் வாரம் 49, இருபத்தாறாம் வாரம் 51. ஒவ்வொரு முறையும் மாற்றுத் தாள். ஃபெரிட்டின் 34. ரசீது எண்ணை ஒரே பார்வையில் தட்டச்சு செய்கிறார். கால்விரல் அதிர்வுணர்வு மாறவில்லை. நீண்ட கூட்டங்களுக்கு மறுநாள் சரிவு இன்னும் வருகிறது, ஆனால் அரை நாளில் தீர்கிறது. இந்த மிச்சம் கோவிட்டுக்குப் பிந்தைய நிலையாகவே கருதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அக்டோபர் வரையறை அதைத்தான் கேட்கிறது: தொற்று தொடங்கி வழக்கமாக மூன்று மாதம் ஆன நிலையில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாதது. அந்தக் கடைசி நிபந்தனை இங்கே பதினான்கு மாதம் படிக்கப்படாமல் கிடந்தது.

எப்போது இந்த வரிசை பொருந்தாது

சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரெனக் குழப்பம், ஏறியிறங்கும் சுயநினைவு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கப் பலவீனம், வலிப்பு, புதிதாக வந்த கடும் தலைவலி, தலையில் அடிபட்ட பின் மந்தம்: இவையெல்லாம் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குரியவை, மாதக்கணக்கில் ஆராய்வதற்கல்ல. ஒரே வீட்டில், ஒரே அறையில் இருக்கும் பலருக்கும் ஒன்றாகத் தலைவலியும் மந்தமும் வந்து வெளியே போனால் தெளிகிறது என்றால், எரிவாயு அடுப்பு, கணப்பு, மின்னாக்கி இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகித்து உடனே எல்லோரும் வெளியேற வேண்டும்.

ஏன் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் நடத்தை ஆபத்துக் காரணிக் கண்காணிப்புத் தொலைபேசிக் கணக்கெடுப்பில், கவனம் செலுத்துவதில், நினைவில் வைப்பதில், முடிவெடுப்பதில் கடும் சிரமம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. 2013 முதல் 2023 வரையிலான பதில்களை ஆராய்ந்து ‘நியூராலஜி’ இதழில் 2025-இல் வெளியான கட்டுரையின்படி, மனச்சோர்வு உள்ளவர்களை நீக்கிய பிறகும், “ஆம்” என்றவர்கள் 5.3 சதவீதத்திலிருந்து 7.4 ஆனார்கள். 18 முதல் 39 வயதினரிடம் 5.1-லிருந்து 9.7. எழுபது வயதைக் கடந்தவர்களிடமோ சற்றே குறைந்தது. ஆண்டு வருமானம் 35,000 டாலருக்குக் கீழ் உள்ளவர்களிடம் 8.8-லிருந்து 12.6. சுயமாகச் சொன்னது, தொலைபேசியில் கேட்டது, காரணம் எதையும் காட்டாதது என்ற குறைகள் உண்டு. ஆனாலும் இது முதுமைப் பிரச்சினை என்று ஒதுக்க இனி இடமில்லை. வேலைசெய்யும் வயதினரிடம்தான் ஏறுகிறது, அதிலும் ஏழைகளிடம் சுமை அதிகம்.

கோவிட்டின் பங்கை 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு அளந்தது. 1,12,964 பேர் இணையவழிச் சோதனையை முடித்தார்கள். தொற்றிலிருந்து முழுதும் தேறியவர்களிடம்கூட, தொற்றே வராதவர்களோடு ஒப்பிட, நுண்ணறிவு ஈவு அளவில் சுமார் 3 புள்ளிக்கு இணையான குறைவு. அறிகுறி நீடித்தவர்களிடம் 6. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களிடம் 9. மூன்று புள்ளி தனி ஒருவருக்குத் தெரியாமலே போகலாம். கோடிக்கணக்கானோரின் சராசரி மூன்று புள்ளி நகர்ந்தால், வாகனம் ஓட்டுபவர், மருந்து அளப்பவர், கணக்குப் பார்ப்பவர் என்று விளிம்பில் இருந்த பலர் கீழே விழுகிறார்கள். இந்தச் சராசரியை எடுத்து எதிரில் இருக்கும் நோயாளியின் தலையில் கட்டுவதும் தவறு. இந்த நிகழ்வில் மந்தத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் வேறாக இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையில் வேண்டியது பெரிய கருவி அல்ல. முதல் வருகையிலேயே இருபது நிமிடம், நிரந்தரமான ஒரு வரிசை: மருந்துப் பை, தூக்கம் பற்றித் துணைவரிடமோ வீட்டாரிடமோ ஒரு கேள்வி, உழைப்புக்கு மறுநாள் என்ன ஆகிறது என்ற கேள்வி, முழு இரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, டிஎஸ்எச், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், சோடியம், கால்சியம், படுத்தும் நின்றும் நாடி, 90 விநாடிச் சோதனை ஒன்று. ஒன்று கிடைத்துவிட்டதே என்று பட்டியலைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது இதிலுள்ள ஒரே கண்டிப்பான விதி.

மிச்சமிருப்பது பதிவு. இந்தப் பெண் சந்தித்த ஐந்து இடங்களிலும் கோப்பில் ஏறியவை பலவீனம், தலைவலி, எம்ஆர்ஐ இயல்பு, மனச்சோர்வு, மாதவிடாய் முன்பருவம். அறிவாற்றல் சிரமம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. எனவே எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் இல்லை. நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் காரணம் தெரியும் முன்பே எழுதத் தகுந்த ஆர்41.8 என்ற குறியீடு இருக்கிறது. கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு யு09.9 உண்டு. காரணம் உறுதியாகும் வரை அறிகுறிக் குறியீட்டை எழுதி, உறுதியானதும் காரணத்தைச் சேர்க்க வேண்டும். அறிகுறிக் குறியீட்டை அழிக்கக் கூடாது.